இரண்டு அரை மாத்திரை

விழுகிறது. இன்னொன்று. இன்னொன்று. குளுக்கோஸ் பாட்டிலின் சொட்டை எண்ணக் கூடாது என்று இப்போதுதான் முடிவு செய்தேன், அதற்குள் மறுபடியும் எண்ணத் தொடங்கிவிட்டேன். எண்ணினால் வேகமாக இறங்கிவிடுமா என்ன. என் வலது கை எங்கள் நாய் பூந்தியின் முன்னங்காலைப் பிடித்திருக்கிறது, ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டிய இடத்துக்குக் கொஞ்சம் மேலே, டாக்டர் பெனிட்டா காட்டிக்கொடுத்த மாதிரியே. இறுக்கக் கூடாது, விடவும் கூடாது. "கையை எடுத்துராதீங்கம்மா, காலை மடக்கினா ஊசி நழுவிரும். இவ நரம்பு கெடைக்கதே பெரும்பாடா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாட்டாஸ்பத்திரி என்று பேர் வைத்ததற்குத் தகுந்தபடி முன்பக்கம் முழுக்க மாடுகளுக்கு, நாய்க்கும் பூனைக்கும் இந்தக் கடைசி அறை, தகரம் அடித்த ஒரு மேஜை, கம்பி போட்ட ஒரு ஜன்னல். வெளியே ஒரு எருமை கன்று போட முடியாமல் கிடக்கிறது, டாக்டர் அங்கே ஓடியிருக்கிறாள். போகிறபோது இரண்டு விஷயம் சொன்னாள். இந்தப் பாட்டில் முடிவதற்குள் பூந்தி ஒண்ணுக்கு இருந்துவிட்டால் நல்ல சேதி, சிறுநீரகம் இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்புறம், "அய்யாகிட்டக் கேட்டு வைங்கம்மா, மாத்திரை எத்தனை நாள் கொடுத்தாங்க, அரையா முழுசான்னு. அது தெரிஞ்சாத்தான் அடுத்த மருந்தை நான் முடிவு பண்ண முடியும்." சரி என்று தலையாட்டிவிட்டேன். ஒன்பது வருஷமாக, என்னைக் கட்டின அந்த மனுஷரிடம் நான் நேராக ஒரு வார்த்தை பேசினதில்லை என்பது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்.

அவர் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்கிறார். நிற்கிறார் என்றால், வேஷ்டியின் ஒரு ஓரம் தெரிகிறது, அப்புறம் மறைகிறது, திரும்பத் தெரிகிறது. முப்பத்திரண்டு வருஷம் மின்வாரியத்தில் கம்பம் ஏறினவர், புயலடித்த மறுநாள் ஊரே பயந்து உள்ளே இருக்கும்போது ஏறினவர், ஊசியைக் கண்டால் மட்டும் தலை சுற்றிவிடும் நயினாருக்கு. மகளுக்குத் தடுப்பூசி போடப் போனபோதெல்லாம் வாசலில் செருப்புகளுக்குக் காவல் நின்றவர். ஆனால் இன்றைக்கு அவர் வெளியே போனது ஊசிக்காக இல்லை, அதற்கு முன்னாலேயே முகம் செத்துவிட்டது. காலையில் பூந்தி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், வெளிக்குக் கறுப்பாகப் போனாள், ஆட்டோவில் அவர் மடியில் தலையும் என் மடியில் வாலுமாகக் கொண்டுவந்தோம். டாக்டர் அவள் ஈறை அமுக்கிப் பார்த்துவிட்டு, "நான் எழுதிக் கொடுத்த மூட்டு வலி மாத்திரை எங்க, காட்டுங்க" என்றாள். நான் பர்ஸைத் திறந்து அட்டையை எடுத்து வைத்தேன். அதே நேரம் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வைத்தார், கடைக்காரன் உதிரியாகக் கத்திரித்துக் கொடுத்தது, உள்ளே துண்டும் தூளுமாக. டாக்டர் அட்டையைப் பார்த்தாள், பொட்டலத்தைப் பார்த்தாள். "யாரு கொடுக்கீங்க?" நான்தான் என்றேன். நான்தான் என்றார். சேர்ந்தாற்போலச் சொன்னோம். கல்யாணத்துக்கு அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னது அது ஒன்றாகத்தான் இருக்கும். "ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிடலையா" என்று அந்தப் பெண் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். ஒரு நாளைக்கு அரை மாத்திரை, சாப்பாட்டுக்கு அப்புறம், அவ்வளவுதான் அவள் எழுதிக் கொடுத்தது. அவர் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

சத்துணவு மையத்தில் இருபத்தாறு வருஷம். வருஷத்துக்கு இரண்டு தடவை பூச்சி மாத்திரை, இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள், வரிசையாக நிறுத்தி, வாயைத் திற என்று சொல்லி, முழுங்கினாயா என்று நாக்கைத் தூக்கிப் பார்த்து, சுண்டுவிரலில் மை வைத்து அனுப்புவேன். ஒரு பிள்ளைக்கு இரண்டு போனதில்லை. ஒரு பிள்ளை விட்டுப்போனதில்லை. உலகம்மாள் டீச்சர் கையில் கொடுத்தால் கவலையில்லை என்று சொல்லுவார்கள், நான் டீச்சரே இல்லை, இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவார்கள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு நாய்க்கு, ஒரே ஒரு வீட்டில், இப்படிச் செய்துவைத்திருக்கிறேன். சீட்டு அவரிடம் இருந்தது, நான் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு அன்று சாயங்காலமே போய் வாங்கினேன், கடுகு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன், பத்து மணிக்கு அவர் லைப்ரரிக்குப் போனதும் தயிர்ச்சோற்றில் வைத்துக் கொடுத்தேன். அவருக்கு எங்கே நினைப்பிருக்கப் போகிறது என்று நினைத்தேன். நினைத்தேனா, ஆசைப்பட்டேனா. அவருக்கு நினைப்பிருக்காது, நான்தான் எல்லாம் பார்க்கிறேன் என்பதில் ஒரு ருசி உண்டு, அதை நான் இத்தனை வருஷமாகச் சப்பிக்கொண்டு வருகிறேன், இப்போது இந்தத் தகர மேஜைக்குப் பக்கத்தில் நின்று அதைச் சொல்லாமல் வேறு எங்கே சொல்ல. அவரும் அதையேதான் நினைத்திருப்பார். விடியற்காலம் நான் வாசலில் கோலம் போடுகிற பத்து நிமிஷத்தில் இட்லியில் வைத்துக் கொடுத்திருக்கிறார். இட்லித் துணுக்கு தட்டில் கிடந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, வயதான நாய்க்கு வெறும் வயிற்றில் இட்லியைக் கொடுக்கிறாரே என்று மனசுக்குள் திட்டினேன், ஏன் கொடுக்கிறார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால். இந்த இடத்துக்கு வந்ததும் மனசு வண்டி மாதிரி நின்றுவிடுகிறது, இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. கேட்டிருந்தால் இவள் இப்போது நம் வீட்டு வராந்தாவில் சாக்கு மேல் படுத்திருப்பாள்.

கேட்காமல் போன கதை என்ன பெரிய கதை. அவர் தங்கை மகள் நிச்சயதார்த்தம். மண்டபத்தில் வந்து இறங்கின கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, போட்ட அரிசி பத்தாது. இருபத்தாறு வருஷம் தலையைப் பார்த்து அரிசி அளந்தவளுக்கு அது தெரியாதா. இன்னும் எட்டுப் படி போடச் சொல்லுங்க என்று அவரிடம் மெதுவாகத்தான் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "சத்துணவுக் கணக்கை இங்க கொண்டு வராத, ஒனக்கு என்ன தெரியும், வாய மூடு" என்றார். மூடினேன். மூன்றாம் பந்தியில் சோறு பத்தவில்லை, அப்போதும் மூடியே இருந்தேன். வீட்டுக்கு வந்தும் திறக்கவில்லை. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன், அவரும் நினைத்திருப்பார், நான் முதலில் பேசட்டும் என்று அவர், அவர் முதலில் பேசட்டும் என்று நான். மகள் கல்யாணமாகி ஓசூர் போகிறவரை அவள்தான் தபால்காரி. அவள் போன நாலாம் நாள் டேங்கில் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. நான் சோப்புக் கையோடு நின்று, "பூந்தி, டேங்குல தண்ணி இல்லன்னு உங்க அய்யாகிட்டச் சொல்லு" என்றேன். கூடத்திலிருந்து, "பூந்தி, மோட்டார் போட்டாச்சுன்னு உங்க அம்மாகிட்டச் சொல்லு" என்று வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்திருப்பார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன், எட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்கு எட்டிப் பார்த்திருக்கலாம். அதற்கப்புறம் காப்பி, கரண்டு பில், கல்யாணப் பத்திரிகை, என் தம்பி செத்த சேதி, எல்லாமே இவள் மூலமாகத்தான். என் தம்பி செத்தபோது, "பூந்தி, உங்க அம்மாவ அழ வேண்டாம்னு சொல்லு" என்று அறை வாசலில் நின்று சொன்னார். அப்போதாவது உள்ளே வந்திருக்கலாம் இல்லையா.

சொட்டு கொஞ்சம் மெதுவாகிவிட்டதா. இல்லை, அதேதான். பூந்தியின் வயிறு ஏறி இறங்குகிறது. மூக்குக்கு மேலே எத்தனை நரை. இந்த முகம் எப்போது இப்படி வெளுத்தது, தினமும் பார்க்கிறவளுக்கு அது தெரியவே இல்லை. கல்யாண வீட்டிலிருந்து அவர் பையில் போட்டுக் கொண்டுவந்த பூந்திப் பொட்டலத்தைப் பிய்த்துத் தின்ற அன்றைக்கு இவள் என் உள்ளங்கை அளவுதான் இருந்தாள், இப்போது பதின்மூன்று வயது. போன வருஷம் படி ஏறுவதை நிறுத்தினாள், வயதாகிவிட்டது என்றேன். குளிருக்கு எழுந்திருக்க நேரமாக்கினாள், வயதாகிவிட்டது. எலும்பைக் கடிக்காமல் நக்கினாள், வயதாகிவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, எவ்வளவு வசதி. டாக்டர் பெனிட்டாதான் இடுப்பை அமுக்கி, இவள் திரும்பிப் பார்த்த பார்வையைக் காட்டி, "வயசு இல்லம்மா இது, வலி. நாய் சொல்லாது, நாமதான் பாக்கணும்" என்றாள். பல்லில் சீழ் இருந்தது, அதைச் சுத்தம் செய்தாள். நகம் வளர்ந்து சுருண்டிருந்தது, வெட்டினாள். வழுக்குகிற டைல்ஸில் சாக்கு விரிக்கச் சொன்னாள், குனியாமல் குடிக்கத் தண்ணீர்ச் சட்டியை உயரத்தில் வைக்கச் சொன்னாள். எல்லாம் செய்தோம். கவிழ்த்த பானை மேல் சட்டியை வைத்தது அவர், சாக்கைத் தைத்துப் பரப்பியது நான். பேசாமலே செய்தோம், நன்றாகத்தான் செய்தோம். நாலாம் நாளே இவள் வாசல்வரை வந்து பால்காரனைப் பார்த்துக் குரைத்தாள், இரண்டு வருஷத்துக்கு அப்புறம். நான் அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இன்னொன்றும் சொன்னாள் டாக்டர், இப்போதுதான் நினைவு வருகிறது, அது ஏன் இப்போது வருகிறது. "சும்மா சும்மா எந்திரிக்க விடாதீங்க. எந்திரிக்கதுதான் இவளுக்கு வலி." யார் எழுப்பினார்கள் இவளை. பூந்தி, காப்பி ஆறுதுன்னு சொல்லு. பூந்தி, சாவி எங்கன்னு கேளு. பேர் காதில் விழுந்ததும் பின்னங்கால் நடுங்க நடுங்க எழுந்து, என்னைப் பார்த்துவிட்டு, அவர் இருக்கிற இடத்துக்குப் போய் நிற்பாள், அங்கே பதில் வந்ததும் என்னிடம் வந்து நிற்பாள். சேதியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்று அவளுக்கே நினைப்பு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை. நாங்கள் பேசினபோதெல்லாம் இவள் எழுந்திருக்கிறாள். மாத்திரை தப்பிப்போனது பதினோரு நாள்தான், இது எத்தனை வருஷம். ஐயோ பூந்தி. என்னைப் பெத்தவளே.

இவள் போய்விட்டால் அந்த வீடு எப்படி இருக்கும். மிக்ஸி சத்தம், குழாய்ச் சத்தம், அவர் தொண்டையைச் செருமுகிற சத்தம். காப்பியைக் கொண்டுபோய் டக்கென்று வைத்துவிட்டு வருவேன், அவர் குடித்துவிட்டு டக்கென்று வைப்பார். இரண்டு பேரில் யாருக்காவது நெஞ்சு வலி வந்தால்கூட யாரிடம் யாரைச் சொல்லச் சொல்வோம். இது என்ன யோசனை, உயிரோடு இருக்கிறதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பாட்டிலில் இன்னும் கால்வாசி இருக்கிறது. ஒண்ணுக்கு இருந்துரு தாயி, இந்த மேஜையிலேயே இரு, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவர் முழு மாத்திரையாகக் கொடுத்திருந்தால்? அவர் கை அப்படிப்பட்டது, நெய் ஊற்றினாலும் செடிக்கு உரம் வைத்தாலும் ஒரு பிடி கூடத்தான், பாசம் என்றால் அளவு கிடையாது என்று எண்ணம். தூளும் துண்டுமாக இருந்ததே, அரையை உடைத்ததால் வந்த தூளா, முழுசை நசுக்கினதால் வந்த தூளா. கேட்டால் தெரிந்துவிடும். ஜன்னலுக்கு நாலடி தூரத்தில் ஆள் நிற்கிறது. என்ன சொல்லிக் கூப்பிட. என்னங்க என்று கூப்பிட்டு ஒன்பது வருஷமாயிற்று, அந்த வார்த்தை தொண்டையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. அதோ, வேஷ்டி ஓரம் நெருங்கி வருகிறது. கம்பியைப் பிடித்த விரல்கள், அப்புறம் முகம். ஊசி இருக்கிற பக்கம் பார்க்காமல் பூந்தியின் வாலையே பார்க்கிறார். கண் சிவந்திருக்கிறது. கேள் உலகம்மா, இப்போது கேள். அவர் தொண்டையைச் செருமுகிறார்.

"பூந்தி," என்கிறார், "உங்க அம்மாகிட்டக் கேளு…"

பேரைக் கேட்டதுதான் தாமதம், பூந்தியின் காது நிமிர்கிறது, கழுத்து எழும்புகிறது, என் பிடிக்குள் அந்த முன்னங்கால் இழுக்கிறது. எழுந்திருக்கப் போகிறாள். இந்த நிலைமையிலும் எழுந்து போய்ச் சேதி சொல்லப் போகிறாள். ட்யூப் ஆடுகிறது, பிளாஸ்திரிக்கு அடியில் ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்க்கிறது. இடது கையால் அவள் தோளை அமுக்குகிறேன், வாய் தானாகத் திறந்துகொள்கிறது.

"அவளைக் கூப்பிடாதீங்க. எதா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லுங்க."

கம்பியைப் பிடித்த விரல்கள் அப்படியே நிற்கின்றன. நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் இன்னும் ஒன்பது வருஷம். "எத்தனை நாளு கொடுத்தீங்க? அரையா, முழுசா? டாக்டர் கேக்காங்க." அவர் என்னைப் பார்க்கிறார். எத்தனை வயதாகிவிட்டது இந்த முகத்துக்கும்.

"அரைதான்," என்கிறார். குரல் கரகரவென்று வருகிறது. "எட்டு நாளு. இல்ல, ஆறு. ரெண்டு நாளு இட்லியத் துப்பிட்டா, நான் அதைக் கூட்டித் தள்ளிட்டேன். நீ?"

"பதினொண்ணு. நானும் அரைதான்."

"மொத மூணு நாளு ஒன்னையே பாத்துக்கிட்டு இருந்தேன். நீ கொடுக்க மாதிரித் தெரியல. மறந்துட்டன்னு நெனச்சேன்."

"நான் மறப்பேனா?"

"மறக்க மாட்ட," என்கிறார். அப்புறம், "கேட்டிருக்கணும்" என்கிறார். நானும் அதையேதான் சொல்ல வேண்டும், ஆனால் அழுகை முந்திக்கொண்டு வந்துவிட்டது, துடைக்க ஒரு கையும் இல்லை. மூக்கை முந்தானைத் தோளில் தேய்த்துக்கொள்கிறேன். அவர் ஜன்னலைவிட்டு மறைகிறார். போய்விட்டார் என்றுதான் நினைக்கிறேன், அதற்குள் கதவு பக்கம் செருப்புச் சத்தம், உள்ளே வந்து மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். சுவரைப் பார்த்தபடியே கையை நீட்டித் தடவி, பூந்தியின் இடுப்பைக் கண்டுபிடித்து, அங்கே வைத்துக்கொள்கிறார். ஆறு நாள் அரை, முழுசு இல்லை. பயந்த அளவுக்கு இல்லை. எனக்குக் கணக்குப் போடத் தெரியும், அது உடம்புக்கு என்ன கணக்கு என்றுதான் தெரியாது, டாக்டருக்குத் தெரியும். சொட்டு விழுகிறது. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை, ஆனால் இது அந்தப் பேசாமல் இருப்பது இல்லை. பூந்தி தலையைத் தகரத்தில் சாய்க்கிறாள், பெருமூச்சு விடுகிறாள், அப்புறம் அவள் வயிறு ஒரு தரம் இறுகுகிறது. முதலில் எனக்குத் தெரியவில்லை, அவர்தான் கையை எடுக்காமல் கீழே பார்க்கிறார். தகரத்தில் வெதுவெதுவென்று பரவி, ஓரத்தில் வழிந்து, அவருடைய வெள்ளை வேஷ்டியில் இறங்குகிறது. நிற்காமல் போகிறது. மஞ்சளாக, நிறைய. சின்ன வயதில் கூடம் முழுக்க இருந்துவைப்பாளே, அவ்வளவு. அவர் ஒரு அடி நகரவில்லை.

"இருக்காளா?" என்று கேட்கிறேன், தெரிந்தே கேட்கிறேன். "இருக்கா," என்கிறார், "நல்லா இருக்கா." சிரிக்கிறாரா அழுகிறாரா, தெரியவில்லை. உள்ளுக்குள் என்னமோ கட்டு அவிழ்ந்த மாதிரி இருக்கிறது எனக்கு, சந்தோஷம், வேறு என்ன பேர் அதற்கு. "டாக்டரக் கூப்பிடுங்க" என்கிறேன். அவர் வேஷ்டியைக் குனிந்து பார்க்கிறார், இந்தக் கோலத்தில் எங்கே போக என்பது போல. அப்புறம், "நீ போ, ஒனக்குத்தான் எல்லாம் சரியாச் சொல்லத் தெரியும். நான் பிடிச்சுக்கிடுதேன்" என்கிறார். ஊசி இருக்கிற காலையா? அவரா? கண்ணை இறுக மூடிக்கொண்டு கையைக் கொண்டுவருகிறார், என் கை மேல் அவர் கை விழுகிறது, கம்பம் ஏறித் தடித்த கை. அதற்கு அடியிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாக உருவி எடுக்கிறேன். "இறுக்காதீங்க. விடவும் செய்யாதீங்க." சரி என்கிறார் கண்ணைத் திறக்காமலே. என் கை மரத்துப்போயிருக்கிறது, உதறிக்கொண்டே வாசலுக்கு வருகிறேன். தொழுவத்துப் பக்கம் வெயிலில் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டிருக்கிறாள், ஈரக் கன்று ஒன்று நிற்கப் பார்த்து விழுகிறது.

"உலகு," என்று பின்னாலிருந்து குரல் வருகிறது. திரும்புகிறேன். கண்ணை மூடியபடியே இருக்கிறார். "நான் கொடுத்தது ஆறு நாளுன்னு சொல்லு. எட்டுன்னு சொல்லிராத, என்னா."

"சொல்லுதேன்" என்கிறேன், அவரிடமே.